கம்பி கட்டிய டர்போ

பட்டறைத் தம்பிகளே, போன வாரம் உங்களில் ஒருவர் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, டர்போ படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி, "அண்ணே, சின்னக் காரு. மொதத் தடவயாப் போடுறோம். இதுல எதப் போடலாம்?" என்று கேட்டார். எது அதிகமாக இழுக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. எது கெட்டுப்போனாலும் வண்டி வீடு வந்து சேரும் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஓய்வு பெற்றவர்களை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி மரியாதையாகப் பார்த்தார். சொன்னது காதில் ஏறவில்லை என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கும்போது பதிலுக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

எண்பதுகளில் தேனியில் பெரியகுளம் ரோட்டில் நானும் பாண்டியும் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருந்தோம். பாண்டி என்னைவிட நல்ல வேலைக்காரன். என்னைவிட நல்ல பேச்சுக்காரன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது தொழிலுக்கு எவ்வளவு ஆபத்து என்பது போகப் போகத்தான் தெரியும். அப்போது மூன்று சிலிண்டர் சின்னக் கார்கள் ரோட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஜீப்பும் அம்பாசடரும் பார்த்துப் பழகிய ஊர் அது. சின்னக் காரைப் பட்டறைக்குள் விட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து, இதைத் தூக்கிக்கொண்டுதானே வந்தீர்கள் என்று கேட்பார்கள்.

அப்படி ஒரு காரில் வந்தவர்தான் கிரேஸ் அக்கா. போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்து மருமகள். நாற்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. கணவர் இருந்தவரை கணக்கு, ஆள், மருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்தபடியே இந்த அக்காதான் பார்த்துவந்தார். கணவர் மலைக்குப் போய் வந்ததோடு சரி. அவர் போனதும், மலைக்குப் போனவர்தான் தோட்டத்தை நடத்தினார் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

கொழுந்தன் தேவராஜ் தோட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மதினி கஷ்டப்படக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தவர். மதினியின் கஷ்டம் முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளவும் அவர் தயாராக இருந்தார். குடும்பத்துக்குப் பெரியவர், அக்காவின் மாமனாருக்கு அண்ணன். அக்கா அவரைப் பெரிய மாமா என்பார். அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்த வருடம் ஏலக்காய் பறிப்புத் தொடங்கும் நாளில் அக்காவே தன் வண்டியில் மலையேறி வந்து வேலையைத் தொடங்கிவைக்கட்டும். அப்படி வந்துபோக முடியுமென்றால் தோட்டம் அவர் கையிலேயே இருக்கட்டும். முடியாவிட்டால் தேவராஜ் பார்த்துக்கொள்ளட்டும். நியாயமாகத்தான் தெரிந்தது. அதுவரை தேவராஜ் ஜீப்பில் எத்தனை முறை மலைக்குப் போனார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு இடது காலில் முன்பு ஒரு எலும்பு முறிவு. ஜீப்பின் கிளச்சை அந்தக் காலால் மிதிக்க முடியாது. நெரிசலான பஸ்ஸில் மலை முழுக்க நின்றுகொண்டு போகவும் முடியாது. சின்னக் காரின் கிளச் மட்டும் அவர் காலுக்குக் கட்டுப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு ஒரு தடவை நாலு பேரோடும் சாமான்களோடும் ஏறிப் பார்த்திருக்கிறார். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி, மலைப்பாதை திரும்ப ஆரம்பித்த மூன்றாவது வளைவில், கிளச் புகைந்து வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த தேவராஜின் ஜீப்தான் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தது. அன்றிலிருந்து போடியில் அந்தக் காருக்கு "பொம்மை" என்று பெயர்.

"டிரைவர் வச்சுக்கிட்டு ஜீப்புல போகலாமேக்கா" என்று பாண்டி கேட்டான்.

"எந்த டிரைவர வச்சாலும் நான் மலையில என்ன பேசுனேன்னு நான் வீட்டுக்கு வாரதுக்குள்ள கடைவீதியில சொல்லிருவான் தம்பி. நானே ஓட்டுனா எனக்குத் தெரிஞ்சது எனக்குள்ளயே இருக்கும்."

டிக்கியைத் திறந்து காட்டினார். ஒரு பெரிய துண்டில் சுற்றிய ஒரு சின்ன டர்போ இருந்தது. சிங்கப்பூரில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பி, லீவில் வந்தபோது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. ஜப்பானில் இதே அளவு இஞ்சின்களுக்கு இதைப் பொருத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கையை விரித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

எனக்கும் பாண்டிக்கும் சேர்த்து டர்போவைப் பற்றி அன்றைக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் மறுசக்கரம் காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் பெட்ரோல் அதிகம் எரியும், வண்டி இழுக்கும். இதுவரைக்கும் புத்தகத்தில் இருந்தது. மிச்சத்தைப் புத்தகக்காரர் எங்களுக்கே விட்டிருந்தார்.

விஷயம் தெரிந்து இரண்டு நாளில் தேவராஜே பட்டறைக்கு வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இரண்டு பேர் எதையோ தூக்கி இறக்கினார்கள். மலையில் அணை வேலை முடிந்து, கழித்துக் கட்டிய பெரிய மண் வண்டியிலிருந்து ஏலத்தில் எடுத்த டர்போ. பலாப்பழம் அளவு இருந்தது.

"மதினிக்கு நான் செய்யாம யாரு செய்வா? அந்தச் சிங்கப்பூர்ச் சாமானக் காதுல போட்டுக்கிடச் சொல்லுங்க. இதப் போடுங்க. மேட்டுல பறக்கும்" என்றார்.

அவர் போனதும் பாண்டி அந்தப் பலாப்பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் கண்ணில் போனட்டைத் திறந்து ஊர் ஜனத்துக்குக் காட்டும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "சின்னதப் போட்டா யாருக்குடா தெரியும்? பெருசுன்னா ஒரு மதிப்பு இருக்கும்ல" என்றான். போனட்டை மூட முடியாதே என்றேன். மூடாமலே ஓட்டலாம், காற்று நன்றாகப் போகும் என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தம்பிகளே, உங்கள் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். பெரிதா சின்னதா என்று எங்களுக்குள் சண்டை முற்றியதும் குமுளிப் பக்கம் போய், பெரிய டர்போ வைத்த டிப்பர் ஓட்டும் ஒருவரைப் பிடித்தோம். பெயரைக் கேட்கவில்லை, அவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். நாங்கள் விளக்கமாகக் கேள்வி கேட்டோம். அவர் கதவைத் திறந்துவிட்டு, "கேறி இரி. சொல்லித் தந்தா மனசிலாகாது" என்றார்.

ஏறி உட்கார்ந்தோம். ஒரு வளைவில் வண்டி நிற்கிற மாதிரி வேகம் இறங்கியது. அவர் மிதியைத் தரையோடு அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பாண்டி என்னைப் பார்த்தான். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. வளைவு முடிந்து, எதிரே பள்ளத்தாக்கு தெரிந்த இடத்தில், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் வண்டி பாய்ந்தது. அவர் நிதானமாக ஸ்டீயரிங்கை ஒடித்தார். பாண்டி முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டான்.

"இது வர்ற வரைக்கும் ஒரு பிரார்த்தனை. வந்தப்புறம் வேற பிரார்த்தனை" என்றார் டிரைவர்.

பெரிய சக்கரம் சுற்றத் தொடங்க நிறையப் புகை வேண்டும். சின்ன இஞ்சின் அவ்வளவு புகையை ஊதித் தள்ளுவதற்குள் கொண்டை ஊசி வளைவு முடிந்துவிடும். வளைவுக்குள் வேண்டிய பலம் வளைவுக்கு வெளியே வந்து சேரும். சின்ன டர்போ சீக்கிரம் சுற்றும், சீக்கிரமே மூச்சும் வாங்கும். மேடான வளைவில் வேகமே எடுக்க முடியாத ரோட்டுக்கு அது போதும். இதையெல்லாம் மறுநாள் கிரேஸ் அக்காவிடம் நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்குச் சொல்லாம எதையும் செய்யாதது எது தம்பி?"

"சின்னதுக்கா."

"அப்ப அதையே போடுங்க. சொல்லாமச் செய்றவுக எங்க வீட்டுலயே இருக்காக."

அடுத்த சண்டை எங்கே பொருத்துவது என்பதில். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பின்னால் டர்போவைப் பொருத்துவது சுலபம். பெட்ரோலும் காற்றும் சேர்ந்தே டர்போ வழியாக இஞ்சினுக்குள் போகும். பாண்டி அதைத்தான் சொன்னான். டர்போவைக் கார்புரேட்டருக்கு முன்னால் வைத்து, வெறும் காற்றை மட்டும் ஊத வைப்பது இரண்டு மடங்கு வேலை. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். காரணம் அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம்தான் காரணம். முதல் வழியில் டர்போ சிக்கிக்கொண்டால் வண்டி மூச்சுவிட வேறு வழி கிடையாது. இரண்டாவதில் ஒரு குழாயைக் கழற்றிவிட்டால் கார்புரேட்டர் நேராக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். முன்பின் பார்த்திராத சாமானை மலைக்கு அனுப்பும்போது, அது இல்லாமலும் வண்டி ஓட ஒரு கதவு வைக்க வேண்டும் என்று தோன்றியது. "கல்யாணத்துக்கு முந்தியே டைவர்சுக்கு வழி பாக்குறான்" என்று பாண்டி பக்கத்து டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தான்.

அன்றைய பெட்ரோல் இன்றைய பெட்ரோல் அல்ல. காற்றை அதிகமாகத் திணித்தால் உள்ளே நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் தகடு வைத்து இஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்தோம். இழுவையைக் கூட்டும் டர்போவுக்காக முதலில் இழுவையைக் குறைக்கிறோம் என்று அக்காவிடம் சொல்ல எங்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கூடவே கிளச்சைப் புதிதாகப் போட்டோம், ரேடியேட்டரைக் கழுவினோம், இடம் மாறியிருந்த டைமிங்கைச் சரிசெய்தோம், பிரேக்கைப் பார்த்தோம். இதெல்லாம் எந்த வண்டிக்கும் செய்கிற வேலை, இதற்கு யாரும் கூட்டம் கூடிப் பார்க்க மாட்டார்கள். டர்போவைப் பார்க்க தேவதானப்பட்டியிலிருந்துகூட ஆள் வந்தது.

சோதனைக்கு முந்தல் தாண்டி நாலைந்து வளைவு ஏற்றிப் பார்த்தோம். அக்காதான் ஓட்டினார். வளைவுக்குள்ளேயே டர்போ மெல்லிய விசிலோடு பிடித்துக்கொண்டது. அக்கா அடுத்த வளைவில் கியரை மாற்றாமல் ஏறிவிட்டு, கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பறிப்புத் தொடங்கும் நாள் வந்தது. பெரிய மாமாவும் உறவுக்காரர்களும் முந்தின நாளே மேலே போய்விட்டார்கள். காலையில் நாங்கள் இருவரும் போடியில் அக்காவின் காரில் ஏறிக்கொண்டோம். நான் முன்னால், பாண்டி பின்னால், டிக்கியில் ஸ்பானர் பெட்டி, ஜாக்கி, இரண்டு கேன் தண்ணீர், பாண்டியின் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம். அன்றைக்குப் பார்த்து பெட்ரோல் பங்கில் ஸ்டாக் இல்லை. அக்கா நாங்கள் வருவதற்கு முன்பே ரோட்டோரக் கடையில் கேனில் விற்றதை வாங்கி ஊற்றியிருந்தார். சொன்னபோது நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனையும் வந்தது. கூடவே அடுப்படி வாசனையும் வந்தது. சீமெண்ணெய் கலந்திருந்தது, அந்த நேரங்கெட்ட வெடிப்பு இன்னும் சுலபமாக வரும். இனி அதை வடித்துவிட்டு வேறு ஊற்ற, போடியில் வேறு இல்லை.

"மெதுவாப் போவோம்" என்றேன்.

முந்தலைத் தாண்டினோம். மேலே மேகம் இறங்கி ரோடு நனைந்திருந்தது. பின்னால் ஜீப்பின் ஹாரன் கேட்டது. தேவராஜ் ஒரு வளைவில் எங்களை முந்திக்கொண்டு, கையை வெளியே நீட்டி அன்பாக ஆட்டிவிட்டுப் போனார். அந்தக் கை அக்காவின் வலது காலுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன். மிதியை அழுத்தினார். டர்போ விசிலடித்தது. அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. தகர டப்பாவில் மொச்சைக்கொட்டையைப் போட்டு ஆட்டுகிற சத்தம்.

முதலில் கேட்டவர் அக்காதான். "தம்பி, அது என்ன?"

"காலை எடுங்க. ஓரமா நிறுத்துங்க. இஞ்சின ஆஃப் பண்ணாதீக."

பாண்டி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தான். "நிறுத்தாதக்கா. பெட்ரோல் கோளாறு. ஒரே இழுப்பா இழுத்தா பத்து வளைவுல மேல போயிரலாம்."

"பிஸ்டன்ல ஓட்ட விழுந்தா ரெண்டாவது வளைவுல நிக்கும்" என்றேன்.

"நின்னா நிக்கட்டும். ஜீப்பு முன்னால போகுதுடா."

அக்கா காரை மலைச்சரிவுப் பக்கம் ஒதுக்கினார். ஸ்டீயரிங்கை விடவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினார். "இஞ்சின் போனாப் போகுது. அத மறுபடி வாங்கிக்கிடலாம். இன்னிக்கு நான் மேல போகலேன்னா இனிமே இந்த ரோட்டுல எனக்கு வேலையில்ல. அத மனசுல வச்சுட்டுச் சொல்லுங்க."

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது அருகில் புத்தகம் இருக்காது. வண்டிக்காரர் ஒன்று கேட்பார், கூட்டாளி ஒன்று கத்துவான், இஞ்சின் மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூவரில் பொய் சொல்லத் தெரியாதது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இறங்கிப் போனட்டைத் திறந்தேன்.

"டர்போவக் கட்டிப்போடுறேன்" என்றேன்.

புகையை டர்போவுக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்று அளவு மீறினால் அது தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் கதவின் தண்டைக் கழற்றி, திறந்தபடியே நிற்கும்படி கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கார்புரேட்டருக்குப் போன குழாயைக் கழற்றிவிட்டு, டிக்கியில் கிடந்த பழைய ஏர் ஃபில்டரை மாட்டினேன். கை சுட்டது. பாண்டி ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தான். இத்தனை நாள் செய்த வேலையை இரண்டு பேருமாகச் சேர்ந்து ரோட்டோரத்தில் இல்லாமல் ஆக்கினோம். அக்கா மிதியை அழுத்திப் பார்த்தார். மொச்சைக்கொட்டை நின்றுவிட்டது.

பலமும் நின்றுவிட்டது. அதுதான் சிக்கல். தடித்த கேஸ்கெட் உள்ளே இருந்தது. டர்போ இல்லாத அந்தக் கார் இப்போது எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன் இருந்ததைவிடவும் சோனி. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் வளைவில் அது திணறியது, உறுமியது, பின்னால் உருளப் பார்த்தது. அக்கா கைபிரேக்கை இழுத்தார்.

இஞ்சினுக்குப் பலத்தைக் கூட்ட இனி வழியில்லை. பாரத்தைக் குறைக்க வழி இருந்தது. நான் டிக்கியைப் பார்த்தேன். பிறகு பாண்டியைப் பார்த்தேன். அவன் என்னைவிட இருபது கிலோ அதிகம்.

"எறங்குடா" என்றேன்.

"நானா?"

"ரெண்டு பேரும்."

ஸ்பானர் பெட்டி, ஜாக்கி, ஸ்டெப்னி, எலுமிச்சைச் சாதம் எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு கேன் தண்ணீரை மட்டும் விட்டுவைத்தேன். அக்கா எங்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. "நீங்க இல்லாமயா?"

"நாங்கதான்க்கா பாரம். மொத கியர மாத்தவே மாத்தாதீக. வேகம் வேணாம். சூட்டு முள்ளு மேல போனா ஓரமா நிறுத்தி, இஞ்சின ஓட விட்டு ஆற வைங்க. ஹாரன் அடிக்கிறவுகளுக்கு வழி விட்ருங்க. எல்லாருக்கும் வழி விட்ருங்க."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கைபிரேக்கை விட்டார். கார் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. வளைவில் திரும்பி மேகத்துக்குள் போனது. அதன் சத்தம் மேலே எங்கேயோ ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. நின்றுவிட்டதா, தூரம் போய்விட்டதா என்று தெரியவில்லை. பாண்டி ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தான். "டர்போ போட்ட காரு மலையேறுது, போட்டவன் ரோட்டுல சோறு திங்குறான்" என்றான்.

கடைசியில் மேலே போன ஒரு காய்கறி வேன் எங்களையும் ஸ்டெப்னியையும் ஏற்றிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கார் இல்லை. ஒரு வளைவில் தண்ணீர் சிந்திய ஈரமும், காலி கேனும் கிடந்தன. நிறுத்தி ஆற வைத்திருக்கிறார். போடிமெட்டு வந்தது. அங்கேயும் கார் இல்லை. அதற்குப் பிறகுதான் நான் மூச்சைச் சரியாக விட்டேன்.

தோட்டத்து வாசலில் நடந்ததை அங்கிருந்த கங்காணி பிறகு சொன்னார். தேவராஜ் முதலில் வந்து, மதினியின் கார் வழியில் ஓரங்கட்டி நிற்பதை ஜீப் கண்ணாடியில் பார்த்ததாகவும், பாவம் அவரால் முடியாது என்றும் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். வருத்தம் உண்மையானது என்கிறார் கங்காணி. பெரிய மாமா ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, ஜெபம் பண்ணித் தொடங்கிவிடலாம் என்று எழுந்திருக்கிறார். எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் முதல் கியரில் ஒரு கார் முனகிக்கொண்டு வரும் சத்தம் கேட்டிருக்கிறது. ஜெபம் முடியாமலே பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பறிப்புத் தொடங்கியிருந்தது. அக்கா செடிகளுக்கு நடுவே நின்று ஒரு பெண்ணிடம் எந்தக் காயைப் பறிக்க வேண்டாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. கணக்கை வீட்டிலிருந்தே பார்த்தவருக்கு எந்த வரிசையில் எத்தனை செடி பட்டுப்போனது என்பது வரை தெரிந்திருந்தது. ஆண்கள் எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். போனட் திறந்திருந்தது.

பெரிய மாமா டர்போவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனூண்டா? இதுதான் இம்புட்டு மேட்டுல இழுத்துக்கிட்டு வந்துச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா அங்கே வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"கழுத்துல என்ன கம்பி கட்டிருக்கு?" என்றார் பெரிய மாமா.

"அதுதாங்கய்யா மெயினு" என்றான் பாண்டி.

பெரிய மாமா புரிந்ததுபோல் தலையாட்டினார். தேவராஜ் குனிந்து அந்தக் கம்பியின் முடிச்சை நன்றாகப் பார்த்துக்கொண்டார். "மாமா, காப்பி ஆறுது" என்றார் அக்கா. தோட்டத்தைப் பற்றி அதற்கு மேல் அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது.

கார் கீழே வந்ததும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பிஸ்டனின் விளிம்பு எறும்பு அரித்தது மாதிரி பொடிப்பொடியாகக் குழிந்திருந்தது. பாண்டி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பு என்று சொன்ன வாயை அன்று முழுவதும் டீ குடிக்க மட்டும் திறந்தான். புதுப் பிஸ்டன் போட்டு, தடித்ததை எடுத்துவிட்டு, பழைய அளவு மெல்லிய கேஸ்கெட்டையே வைத்து மூடினோம். டர்போவைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது எதுக்குத் தம்பி? இருந்த எடத்துலயே கட்டிக் கெடக்கட்டும். புதுக் கிளச்சு போட்டதுக்கே காரு ஏறிரும், எனக்குத் தெரியும். ஆனா கிளச்சுக்குப் பயந்து எங்க வீட்டுல யாரும் ஒதுங்க மாட்டாக" என்றார்.

அப்படியே விட்டோம். டர்போ சுற்றாமலே அந்தக் கார் வருடக்கணக்காக மலையேறி இறங்கியது. அவரோடு கூட ஒருவர், அதிகம் போனால் இருவர். சாமான் தனியாக வேனில். பொம்மை என்ற பெயர் போய், "டர்போ காரு" என்ற பெயர் வந்தது. எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த வேலைகளில், வேலையே செய்யாத சாமான் அது ஒன்றுதான். பிறகு நல்ல பெட்ரோல் கிடைத்த காலத்தில் உண்மையாகவே ஓடிய டர்போக்கள் பலவற்றைப் பொருத்தினோம். அவற்றைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

அந்த முதல் வருடப் பறிப்புக் காலம் முடிவதற்குள் ஒரு நாள் காலையில் தேவராஜ் ஜீப்பைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"மதினி காருல போட்ட மாதிரியே எனக்கும் ஒன்னு போட்டுருங்க. சின்னதே போதும். ஆனா அந்தக் கம்பிய மட்டும் மறக்காமக் கட்டிருங்க."

பாண்டி என் முகத்தைப் பார்த்தான். அவன் கை ஏற்கெனவே கம்பிச் சுருளுக்குப் போயிருந்தது. நான் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்சக்கரத்தின் உட்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து வழிந்திருந்தது.

"வண்டிய உள்ள விடுங்க. மொதல்ல பிரேக்கப் பாப்போம்" என்றேன்.